கட்டாத தொட்டியின் நிழல்

பதினேழாவது வார்டில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், தொட்டி வருவதற்குப் பத்தொன்பது வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குச் சலூன்காரர் தன் கடையின் ஷட்டரைத் தூக்கியபோது, கண்ணாடிக் கதவின்மேல் ஏதோ பெரிதாகக் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தார். திரும்பிப் பார்த்தார். எதிரே இருந்த காலி மைதானத்தில் நாலு கால்களும், அவற்றுக்கிடையே குறுக்குச் சட்டங்களும், உச்சியில் மூடி போட்ட பெரிய வட்டப் பாத்திரமுமாக ஒரு மேல்நிலைத் தொட்டியின் நிழல் நீட்டிப் படுத்திருந்தது. தொட்டிதான் இல்லை. சலூன்காரர் அண்ணாந்து பார்த்தார், வானத்தில் ஒரு காக்கை போய்க்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்த் துண்டுகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார். இந்த வார்டு மக்களுக்கு வெயில் என்றால் என்னவென்று தெரியும். நிழல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டிருக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒன்பது மணிக்குள் இரண்டு தள்ளுவண்டிகளும் ஒரு நாயும் நிழலுக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

சும்மா சொல்லக்கூடாது, ஒழுங்கான நிழல். காலையில் மேற்கே நீண்டு சலூன் கதவைத் தொடும். நண்பகலில் சுருங்கி மைதானத்தின் நடுவில் வட்டமாகக் கிடக்கும். சாயங்காலம் கிழக்கே நகர்ந்து மாவு மில்லின் சுவரில் ஏறும். மேகம் மூடினால் மற்ற நிழல்களைப் போலவே மரியாதையாக மறைந்துவிடும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். தொட்டி மூடியின் ஓரத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு புடைப்பு இருந்தது. ஒரு முக்காலி போடுகிற அளவு. பறவைக் கூடு என்றார் சலூன்காரர். மூடியின் கைப்பிடி என்றார் மாவு மில்காரர். அது என்ன என்பதில் இரண்டு பேரும் பல வருடம் பேசாமல்கூட இருந்தார்கள், பிறகு ஒரு கல்யாணத்தில் சமாதானமானார்கள்.

நிழல் எங்கிருந்து வந்தது என்பது ஒருவருக்கு மட்டும் உடனே புரிந்தது. அவள் சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை மாற்றிக் கொடுக்கிறவள். வார்டில் பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் அவள் சோபாக்கா. முதல் நாள் திங்கட்கிழமை சாயங்காலம் அதே மைதானத்தில் அவளுடைய அண்ணன் பேசியிருந்தார். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக் கொடுக்கும் கடைக்காரர் அவர், முதல் தடவையாகக் கவுன்சிலர் தேர்தலில் நின்றார். மைக் பிடித்துப் பழக்கமில்லை. எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "நம்ம வார்டுல எந்தப் பொண்ணும் இனிமே குடத்தோட லாரிக்குப் பின்னாடி ஓடக்கூடாது. இதே இடத்துல தொட்டி வரும். நான் கொண்டுவருவேன்" என்று சொன்னார். சொல்லும்போது கூட்டத்தில் யாரையும் பார்க்கவில்லை, தங்கையை மட்டும் பார்த்தார். பதினாலு வயதில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடி விழுந்து அவளுடைய முன்பல் பாதி உடைந்தது. அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அண்ணன்தான். வாய்ப்பந்தல் நிழல் தராது என்பார்கள். மனதாரச் சொன்னால் தரும் போலிருக்கிறது என்று சோபாக்கா நினைத்துக்கொண்டாள். அண்ணன் அந்தத் தேர்தலில் அமோகமாக ஜெயித்தார்.

மறுவாரமே அவள் தன் வேலையை நிழலுக்குள் கொண்டுவந்துவிட்டாள். அதுவரை வீட்டின் முன்னறையில், தகரக் கூரைக்குக் கீழே, நார்த் தூசியிலும் பசை நாற்றத்திலும் வெந்துகொண்டிருந்தாள். தையல் மெஷினுக்குச் சக்கரம் பொருத்தினாள். காலையில் சலூன் பக்கம், மத்தியானம் நடு மைதானம், சாயங்காலம் மில் பக்கம் என்று நிழலோடு தானும் நகர்ந்தாள். ஸ்பிரிங்குகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவாள், நாரைப் பரப்புவாள், மேலே ஸ்பாஞ்சு, அதற்கு மேல் ரெக்ஸின். சின்ன ஆணிகளை வாய் நிறையப் போட்டுக்கொண்டு, உடைந்த பல்லின் இடைவெளி வழியாக ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பாள். அந்த இடைவெளி அதற்கென்றே செய்தது போல இருந்தது. வாயில் ஆணி இருப்பதால் நாள் முழுக்கப் பேச்சுக் குறைவு. அதனால் அவளோடு சண்டை போட்டவர்களும் குறைவு. மூடியோரத்துப் புடைப்பின் நிழலில் ஆணி டப்பாவை வைத்தாள். வெயிலில் வைத்தால் ஆணி உதட்டைச் சுடும். பஸ் டிரைவரான அவளுடைய கணவர் வாரத்தில் நாலு நாள் வெளியூர். மற்ற மூன்று நாள் அந்த நிழலில் துண்டை விரித்துத் தூங்குவார்.

ஆறு மாதம் கழித்து நகர்மன்ற அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்தார். வார்டில் என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுக்க. நல்ல மனிதர், லஞ்சம் வாங்காதவர், கழுத்து மட்டும் நிமிராது. எலும்பில் ஏதோ பிசகு. அதனால் உயரமான எதையும் அவர் நிழலை வைத்துத்தான் அளப்பார். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளந்து, பிறகு கட்டடத்தின் நிழலை அளந்து, பெருக்கி வகுத்து உயரத்தை எழுதிவிடுவார். பதினொரு வருடமாகப் புகைபோக்கி, விளக்குக் கம்பம், மணிக்கூண்டு எல்லாவற்றையும் அப்படித்தான் அளந்திருந்தார், ஓர் அங்குலம் பிசகியதில்லை. அன்றும் குச்சியை நட்டார். அளந்தார். தொட்டி, ஒன்று, உயரம் பதினெட்டு மீட்டர், நிலை நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சோபாக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். அது லாரித் தண்ணீர்.

அண்ணன் தொட்டிக்கு விண்ணப்பம் எழுதினார். பதினேழாவது வார்டில் ஏற்கெனவே தொட்டி இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார், அதே பதில். மூன்றாம் தடவை நேரில் போய் மேஜையைத் தட்டினார். உட்கார்ந்திருந்தவர்கள் ஃபைலைத் திருப்பிக் காட்டினார்கள்: நிலை நன்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் முகச்சவரம் செய்துகொண்டு வெளியே வந்தபோது வேறு ஆளாக இருந்தார். இல்லாத ஒன்றுக்காக அலைவதைவிட, இருப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டால் எவ்வளவு சுலபம் என்று தெரிந்துகொண்டார். அடுத்த தேர்தல் வந்தபோது நிழலின் காலடியில் தன் பெயர் பொறித்த ஒரு கல்லை நட்டு, ரிப்பன் வெட்டித் தொட்டியைத் திறந்தும் வைத்தார். கை தட்டியவர்கள் பாதிப் பேர், தலையைச் சொறிந்தவர்கள் பாதிப் பேர். எதிர்த்து நிற்க ஆள் இல்லாததால் ஜெயித்தார். அதற்கடுத்த தேர்தலிலும் அப்படியே. பூங்கா வரும் என்றார், நூலகம் வரும் என்றார், பஸ் நிறுத்தத்துக்குக் கூரை வரும் என்றார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மறுநாள் காலையில் அவர் தனியாக அந்தந்த இடத்துக்குப் போய் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பதைச் சோபாக்கா இரண்டு தடவை பார்த்தாள். எங்கேயும் நிழல் விழவில்லை. அவளுக்கு அண்ணன்மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் அழுகை வந்தது, அதை ஆணிகளோடு சேர்த்துக் கடித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் வருடம் கோடையில் மன்ற அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி, தொட்டி இருக்கிற வார்டுக்கு எதற்கு லாரி என்று கேட்டுவிட்டார். லாரி நின்றது. பதினேழாவது வார்டுப் பெண்கள் பதினாறாவது வார்டுக்குக் குடத்தோடு போனார்கள், அங்கே வசவு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கவுன்சிலரின் சொந்த மனைவி, சோபாக்காவின் அண்ணி, முக்காடு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். அதே மாதம், தண்ணீர் வசதியில் சிறந்த வார்டு என்று பதினேழாவது வார்டுக்குக் கேடயம் கொடுக்க முடிவாயிற்று. பெரிய அதிகாரிகள் தொட்டியைப் பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் தொட்டி எங்கே என்று கேட்டால், நிழலுக்குள் உட்கார்ந்திருக்கிற பெண் ஆணியைத் துப்பிவிட்டு மேலே கையைக் காட்டுவாள். அது அண்ணனுக்குத் தெரியும். ஆகவே சோபாக்காவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது: மேல்நிலைத் தொட்டியின் அடியில் அமர்வது ஆபத்து, ஏழு நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கீழே அண்ணனின் கையெழுத்து. அவள் அதைத் திருப்பி, பின்பக்கத்தில், ரெக்ஸினில் கோடு போடுகிற பென்சிலால் எழுதினாள்: தொட்டியைக் காட்டுங்கள், எழுந்துவிடுகிறேன். கொண்டுவந்தவனிடமே கொடுத்தனுப்பினாள்.

அன்று மத்தியானமே அண்ணன் வந்தார். நிழலுக்குள் கால் வைக்காமல் ஓரமாக வெயிலில் நின்றார்.

"நீ எனக்குத் தங்கச்சியா, எதிரியா?"

அவள் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள். "தண்ணி எங்கண்ணா?"

"ஃபைல்ல இருக்கு."

"அப்ப ஃபைலப் பிழிஞ்சு ஒரு குடம் குடு."

"நக்கல் பண்ணாத. மூணு தடவ எழுதினேன். மூணு தடவையும் இருக்குன்னு திருப்பிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நாலாவது தடவ ஏன் எழுதல?"

அவர் காலால் மண்ணைக் கீறினார். "நீ எந்திரிச்சிடு. வேற இடம் நானே பாத்துத் தர்றேன். ஃபேனு, லைட்டு, எல்லாம் இருக்கும்" என்றார்.

"இந்த நிழல நீ எனக்குக் குடுத்த. அப்ப நீ எங்கண்ணன். இப்ப எந்திரின்னு சொல்றது யாருன்னு தெரியல" என்று சொல்லிவிட்டு அவள் ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டாள். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அந்த வாரம்தான் அடுத்த தேர்தலை அறிவித்திருந்தார்கள், கேடயமும் அதற்குப் பிறகு என்று தள்ளிப்போயிருந்தது. மறுநாள் அவள் மன்ற அலுவலகத்துக்குப் போய் வேட்புமனு கொடுத்தாள். தொழில் என்ற இடத்தில் சோபா வேலை என்றும், முகவரி என்ற இடத்தில் தொட்டி நிழல் என்றும் எழுதினாள். குமாஸ்தா ஆட்சேபிக்கப் பார்த்தார். ஆனால் தொட்டி அவருடைய ஃபைலிலேயே இருந்தது, அதற்கு நிழல் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. மென்று விழுங்கி முத்திரை குத்தினார். சின்னம் ஒதுக்கியதில் அவளுக்கு முக்காலி விழுந்தது. "நாலு கால்ல ஒண்ணு கொறஞ்சாலும் நிக்கும், நல்ல சின்னந்தான்" என்றார் கணவர். அவரும் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். பழைய பஸ் ஒன்றை உடைக்கும்போது ஒரு சாய்வு இருக்கையைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டார். பக்கவாட்டில் ஒரு பிடி, அதை இழுத்தால் முதுகு சாய்ந்துகொண்டே போய்க் கிட்டத்தட்டப் படுக்கையாகிவிடும். துரு பிடித்துக் கிடந்தது. அவள் ஐந்து நாள் உட்கார்ந்து அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டு, புது நார் வைத்து, காப்பிக்கொட்டை நிறத்தில் ரெக்ஸின் போட்டாள். வாழ்நாளில் அப்படி ஒரு வேலை அவள் செய்ததில்லை.

அண்ணனுக்கு மூன்று ஒலிபெருக்கி வண்டிகள். அவளுக்கு அந்த ஒரு நாற்காலி. அதை மைதானத்தின் நடுவில் போட்டு, வருகிற வாக்காளர்களிடம், "பேச்செல்லாம் வேணாம், கொஞ்சம் சாஞ்சு மேல பாருங்க" என்பாள். அவ்வளவுதான் பிரச்சாரம். முதலில் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சோபாக்காவுக்கு ஆணி மூளைக்கு ஏறிவிட்டது என்றார் மாவு மில்காரர், சொல்லிவிட்டுத் தானும் வந்து சாய்ந்து பார்த்தார். தொட்டி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்து பதினைந்து வருடம் ஆகிவிட்டதால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதுதான் விஷயம். பிடியை இழுத்ததும் முதுகு சாயும், கண் தானாக மேலே போகும், அங்கே பதினெட்டு மீட்டர் உயரத்துக்கு வெறும் ஆகாயம். சிலருக்குக் கோபம் வந்தது. சிலர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருநாள் அண்ணி வந்தாள், காலிக் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சாய்ந்தாள். பத்து நிமிடம் எழுந்திருக்கவே இல்லை.

"ஒண்ணுமில்லன்னு தெரியும். இவ்வளவு ஒண்ணுமில்லன்னு தெரியாது" என்றாள் எழுந்தபிறகு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஒங்கண்ணன் தொவைக்கப் போட்ட சட்டைப் பையில இன்னும் அந்தப் பழைய தாள் இருக்கு. மொதக் கூட்டத்துக்கு எழுதினது. சட்டை மாத்தும்போதெல்லாம் தாளையும் மாத்தி வெச்சுக்குவாரு. ஏன்னு கேட்டா கத்துவாரு" என்றாள்.

கடைசிக் கூட்டத்தில் வார்டு விடவில்லை. நீ வந்தால் என்ன செய்வாய், அதைச் சொல் என்று பிடித்துக்கொண்டது. வாக்குறுதி என்றாலே அவளுக்குப் பிடிக்காது. மைக்கைக் கையில் பிடித்து, "எங்கண்ணன் மூணு தடவ எழுதிக் கேட்டாரு. நான் நாலாவது தடவ எழுதுவேன். இல்லன்னா அஞ்சாவது தடவ. வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். இவ்வளவுதானா என்று கூட்டம் கலைந்தது. மறுநாள் காலை ஏழேகாலுக்குச் சலூன்காரர் ஷட்டரைத் தூக்கியபோது, தொட்டியின் நிழலில் அதுவரை இல்லாத ஓர் ஏணி தரையிலிருந்து மூடிவரை ஏறியிருந்தது. படிகளை எண்ணிப் பார்த்தார், ஐம்பத்தொன்பது. போய்ச் சோபாக்காவிடம் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். ஆனால் எண்ணெய் ரெக்ஸினில் சிந்திவிட்டது.

வாக்குப்பதிவு மில்லுக்கு அடுத்த சமுதாயக் கூடத்தில். வெயில் அன்றைக்கென்று மண்டையைப் பிளந்தது. வரிசை கூடத்தின் வாசலிலிருந்து சாலை வளைவுவரை வளைந்து நின்றது. பத்து மணி அளவில், பதினைந்து வருடமாக ஒழுக்கம் தவறாத நிழல், முதலும் கடைசியுமாக ஒழுக்கம் தவறியது. சூரியனை மதிக்காமல் தன் இடத்தைவிட்டு நகர்ந்து வந்து, வரிசை எப்படி வளைந்திருந்ததோ அப்படியே வளைந்து, நின்றிருந்த அத்தனை பேர்மேலும் படுத்துக்கொண்டது. கைக்குழந்தைக்காரிகள் நின்ற இடத்தில் தொட்டியின் வட்டம். அண்ணனின் ஏஜென்ட் ஓடிப்போய்த் தேர்தல் அதிகாரியிடம் புகார் கொடுத்தார்: வாக்குச்சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் எதிர்வேட்பாளரின் நிழல் பிரச்சாரம் செய்கிறது. அதிகாரி வெளியே வந்து பார்த்தார். வெயிலில் வியர்த்தது, அவரும் நிழலுக்குள் ஓரடி வைத்தார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தொட்டி, ஒன்று, மன்றத்துக்குச் சொந்தமானது, நிலை நன்று. அரசுக் கட்டடத்தின் நிழல் எந்த வேட்பாளருக்கும் சொந்தமல்ல, ஆகவே அது இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தொட்டி இல்லை என்று அண்ணன் சொல்லியிருந்தால் புகார் எடுபட்டிருக்கும். ஏஜென்ட் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வரிசையில் போய் நின்றார். நிழல் அவர்மேலும் விழுந்தது. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று சொன்னதுமில்லை, அவள் கேட்டதுமில்லை. நாற்பத்து மூன்று ஓட்டில் முக்காலி ஜெயித்தது.

நாலாவது கடிதத்துக்கு, ஏற்கெனவே இருக்கிறது என்று பதில் வந்தது. ஐந்தாவதுக்கும் அதேதான். மன்றக் கூட்டத்தில் அவள் எழுந்தால் மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். ஆறாவதாக அவள் தொட்டியைக் கேட்கவில்லை, மறு அளவீடு கேட்டாள். கவுன்சிலர் கேட்டால் அளந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதே ஓவர்சியர் வந்தார், இப்போது தலை நரைத்திருந்தது, ஓய்வுக்குச் சில மாதம்தான். குச்சியை நட்டார். அளந்தார். பதினெட்டு மீட்டர், கூடுதலாக ஏணி. எழுதப்போனவரிடம், "களைச்சுப் போயிருக்கீங்க சார், ஒரு நிமிஷம் உக்காந்து எழுதுங்க" என்று பஸ் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். அவள் பிடியை இழுத்தாள். கழுத்தை நிமிர்த்த வேண்டிய தேவையே இல்லாமல், உடம்போடு சேர்ந்து அவருடைய முகமும் மெல்ல மெல்ல வானத்தைப் பார்த்தது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு அவர் மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இங்க ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

"அத எழுதுங்க சார்."

"எப்படி எழுதறது? நெழல் இருக்கே."

"நெழல் இருக்குன்னும் எழுதுங்க. தொட்டி இல்லன்னும் எழுதுங்க. ரெண்டும் நெசந்தானே?"

அவர் படுத்தபடியே பேனாவைத் திறந்தார். மை கீழே இறங்காமல் இரண்டு தடவை உதற வேண்டியிருந்தது. இனி, அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொட்டி இல்லை என்று எழுத்தில் ஏறிவிட்டால் நிழலும் போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. போனால் மறுபடி தகரக் கூரை, நார்த் தூசி, வெக்கை. எல்லாருக்கும் தண்ணீர் வர, அவள் ஒருத்தியின் நிழல் போகும். அது தெரிந்தும்தான் பிடியை இழுத்தாள். விடிந்ததும் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்ச் சலூன் வாசலில் நின்றாள். ஏழேகாலுக்கு நிழல் வந்தது, ஏணியோடு, புடைப்போடு. சலூன்காரர் பார்க்கிறாரே என்றுகூடப் பாராமல் நின்ற இடத்திலேயே அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு சாய்வு நாற்காலிக்கு ஸ்பிரிங் கட்ட உட்கார்ந்தாள்.

அதன்பிறகு அடிமேல் அடி அடித்தாள், அம்மி நகர்ந்தது. அனுமதிக்கு ஒன்றரை வருடம், கட்ட இரண்டு வருடம். அஸ்திவாரத்துக்கு அளவு எடுக்க வேண்டிய வேலையே இல்லை. நிழலின் கால்கள் தொடங்கும் இடத்தில் குழி தோண்டினார்கள். கம்பி கட்டுகிறவர்கள் காலையில் நிழலைப் பார்த்துச் சட்டம் எத்தனை என்று எண்ணிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். தொட்டி உயர உயர அதன் நிழல், ஏற்கெனவே கிடந்த நிழலுக்குள் கை நுழைத்த சட்டை மாதிரி பொருந்திக்கொண்டே போனது. புதிதாக ஓர் அங்குலம்கூட விழவில்லை. பத்தொன்பதாம் வருடம் வேலை முடிந்தபோது, மூடியோரத்துப் புடைப்புக்கு மட்டும் மேலே எதுவும் இல்லை. பறவைக் கூடும் இல்லை, கைப்பிடியும் இல்லை. சலூன்காரரும் மாவு மில்காரரும் இரண்டு பேருமே தோற்றார்கள்.

தொட்டியின் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. தோற்றபிறகு அண்ணன் பழைய காயில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஈ ஓட்டிக்கொண்டு. நாலு வருடம் அண்ணனும் தங்கையும் முகம் பார்க்கவில்லை. ஆனால் தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் அல்லவா. ஒருநாள் அவள் கடை வாசலில் போய் நின்றாள்.

"மோட்டார் ஓட்ட ஆள் வேணும். வர்றியா?"

"கவுன்சிலரா இருந்தவன் வால்வு திருப்பப் போனா கேவலமா இருக்காதா?"

"இருக்கும். வா."

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வந்தார். முதலில் தன் பெயர் பொறித்த கல்லைப் பிடுங்கி ஓரமாகக் கவிழ்த்துப் போட்டார். இப்போது அதன்மேல் உட்கார்ந்துதான் பெண்கள் குடம் கழுவுகிறார்கள். குழாயில் முதல் தண்ணீர் வந்த நாளில் அண்ணி தலையோடு நனைந்தாள், வேண்டுமென்றே.

தண்ணீர் வந்த பத்தாம் நாள் காலை, மன்ற அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள், கையில் நோட்டீஸ். கவுன்சிலரே ஆனாலும், மேல்நிலைத் தொட்டியின் அடியில் அமர்வது ஆபத்து, காலி செய்ய வேண்டும். இந்தத் தடவை தொட்டி நிஜமாகவே இருந்தது. காட்டுங்கள், எழுந்துவிடுகிறேன் என்று அவளே முன்பு எழுதிக் கொடுத்த தாளை அவர்கள் ஃபைலில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதையும் எடுத்து நீட்டினார்கள். அவள் வாயில் ஆணியோடு அதைப் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். ஆணிகளைத் துப்பவில்லை. எழுந்திருக்கவுமில்லை. ஸ்பாஞ்சின் ஓரத்தை அமுக்கிப் பிடித்து ஓர் ஆணி அடித்தாள்.

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. "சார்."

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். நீர்மட்டம் பார்க்க ஏறியிருந்த அண்ணன், ஐம்பத்தொன்பது படி ஏறிய களைப்பில் மூடியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், கால்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, முதுகில் காலை வெயில்.

"அந்த எடம் நான் குடுத்தது சார். தொட்டிக்கு முன்னாடியே குடுத்தாச்சு. யாராவது எந்திரிக்கணும்னா தொட்டி எந்திரிக்கட்டும், அவ எந்திரிக்க மாட்டா."

அவர்கள் நோட்டீஸை மடித்தார்கள். அவர்கள் காலடியில், சலூன் வாசலில், அண்ணனின் நிழல் மூடியோரத்துப் புடைப்பின்மேல் விழுந்திருந்தது. தலை, தோள், மடங்கிய முழங்கால் எல்லாம் இடம் மிச்சம் இல்லாமல் அதில் அடங்கியது. சலூன்காரர் பார்த்தார், மாவு மில்காரரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். சோபாக்கா பார்த்தாள். பத்தொன்பது வருடம் தன் ஆணி டப்பாவை எங்கே வைத்திருந்தாள் என்பது அவளுக்குப் புரிந்தது. "ரொம்ப நேரம் வெயில்ல உக்காராத, எறங்கி வந்து தண்ணி குடி" என்று மேலே பார்த்துக் கத்தினாள், ஆணிகள் தெறித்து விழுந்தன.

அவர் இறங்கி வந்து குடித்தார். புடைப்பு இறங்கவில்லை. இன்றைக்கும் அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கும் நேரத்திலும் அது நிழலின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆணி டப்பா அதற்குள்தான் இருக்கிறது, சுடுவதில்லை.